பட்டணத்தை அதன் மக்களோடு மீட்போம்!

(வடசென்னைத் தோழர்கள் பாரிமுனையில் ஏற்பாடு செய்த பண்பாட்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத உறவுகளுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "பழைய பட்டணத்துக்குப் பண்பாட்டுப் புத்துயிர்". கேட்கவே நல்லா இருக்கு. இன்னைக்கு எல்லாரும் இதைப் பேசுறாங்க. பழைய கட்டடத்துக்கு விளக்கு போடணும், சுவரிலே ஓவியம் வரையணும், சுற்றுலாப் பயணிகளை அழைச்சுக்கிட்டு வந்து தெருத் தெருவா காட்டணும்னு சொல்றாங்க. எதையும் நான் வேண்டாம்னு சொல்லல. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறேன். விளக்கு எரியும்போது, அந்தத் தெருவில் இன்னைக்கு இருக்கிறவன் இருப்பானா, இருக்க மாட்டானா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடத்தான் இந்த உரை.

முதலில் இந்த ஊரின் பெயரிலிருந்து ஆரம்பிப்போம். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்காரன் இங்கே மணல் மேட்டில் இடம் வாங்கினான். கோட்டை கட்டினான். கோட்டைக்குள்ளே வெள்ளையர். கோட்டைக்கு வெளியே, வடக்கே, நெசவாளி, வண்ணார், வணிகர், துபாஷி, கூலிக்காரர் என்று நம்ம சனம். அவன் அதற்கு வைத்த பெயர் "கருப்பர் நகரம்". அந்தப் பெயர் 1911 வரை இருந்தது. அந்த ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிக்கொண்டபோது, அவர் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். இரண்டுமே அவன் வைத்த பெயர்தான். நம்ம ஆளு அப்பவும் சரி, இப்பவும் சரி, வைத்திருக்கிற பெயர் "பட்டணம்". வேலை தேடி வந்தவன், படிக்க வந்தவன், கப்பல் ஏற வந்தவன் எல்லாரும் "பட்டணத்துக்குப் போறேன்" என்று சொன்னது இந்த இடத்தைத்தான்.

பழைய கருப்பர் நகரம் இப்போது நாம் இருக்கிற இடத்தில் இல்லை, தோழர்களே. உயர் நீதிமன்றம் நிற்கிறதே, அந்தப் பக்கம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரன் வந்து கோட்டையைப் பிடித்தான். 1749-ல் ஒப்பந்தப்படி திரும்பக் கொடுத்தான். அந்தச் சண்டையில் கம்பெனிக்காரனுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வந்து சுடுவான். அதனால் வீடுகளை இடி. பிரெஞ்சுக்காரன் இடித்தது பாதி, ஆங்கிலேயன் இடித்தது மீதி. தரைமட்டம் ஆக்கிவிட்டு வெற்றுத் திடலாகப் போட்டு வைத்தான். எஸ்பிளனேடு என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். இதற்கு மேல் கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைக் கல் நட்டான். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறோம், எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அந்த இடிப்பில் சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் போனது. இந்த நகரத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிற கோயில் அது. மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. கம்பெனியிடமிருந்து மாற்று இடம் பெற்றார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்றார். ஊர் மக்கள் நன்கொடை கொடுத்தார்கள். 1760-களில் பூக்கடைப் பக்கம் சென்னக் கேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோயில் எழும்பியது. இன்றைக்கும் அதற்குப் பெயர் பட்டணம் கோயில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புத்துயிர் என்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லீங்க. இடித்துப் போட்ட ஊரை, இருந்த சனமே வடக்கே நகர்ந்து வந்து, முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்று மறுபடியும் எழுப்பிய ஊர் இது. எந்த அறிஞர் குழுவும் வந்து திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. கோயில் போனால் கோயில் கட்டினான், கடை போனால் கடை வைத்தான். இந்த ஊரை முதலில் மீட்டவன் இந்த ஊர்க்காரன்.

சரி, என்ன பண்பாடு இங்கே இருந்தது? பண்பாடு என்றாலே மயிலாப்பூர், மார்கழிக் கச்சேரி என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏழுகிணற்றில் வளர்ந்தவர் வள்ளலார். சிறு வயதிலேயே கந்தகோட்டத்து முருகன் முன்னால் நின்று பாடியவர். தெய்வமணிமாலை அங்கே பிறந்தது. பசித்தவனுக்குச் சோறு போடு என்று பின்னாளில் வடலூரில் அடுப்பு மூட்டிய அந்த மனசு, இந்தத் தெருக்களில்தான் உருவானது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் சன்னதிக்குப் பாரதி வந்து நின்றதை இந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அரண்மனைக்காரன் தெருவுக்கு வாங்க. அங்கே எந்த அரண்மனையும் கிடையாது! ஆர்மேனியர்கள் வாழ்ந்த தெரு. ஆர்மேனியன் என்பது நம்ம வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. எங்கேயோ மேற்காசியாவிலிருந்து வந்த வியாபாரிகள் இங்கே மாதா கோயில் கட்டினார்கள். உலகத்திலேயே ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகை, 1794-ல், இந்த மெட்ராசில்தான் அச்சானது. வந்தவனுக்கு இடம் கொடுத்து, அவன் மொழியில் பத்திரிகை நடத்தவும் விட்டு, அவன் பெயருக்கு ஒரு தமிழ் உருவமும் கொடுத்தோம் பாருங்க, அதுதான் பட்டணத்துப் பண்பாடு.

அதே தெருவில் கோகலே மன்றம். அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் உருவான மன்றம். சுயாட்சி இயக்கத்தின் முழக்கம் ஒலித்த இடம். கச்சேரிகளும் அங்கே நடந்தன. பக்கத்தில் பிராட்வே. அதற்கு இன்றைய பெயர் பிரகாசம் சாலை. 1928-ல் சைமன் குழுவை எதிர்த்த போராட்டத்தில், இதே பாரிமுனைப் பக்கம், துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து காட்டிய தங்குட்டூரி பிரகாசம் அவர்களின் பெயர்.

இன்னொன்றும் இருக்கு. அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. குஜிலிக் கடைகள். காலணா, அரையணாவுக்குச் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகம் விற்ற கடைகள். ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு, வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, கொலை நடந்தால் ஒரு சிந்து. படிக்கத் தெரிந்தவன் உரக்கப் பாடுவான், தெரியாதவன் சுற்றி நின்று கேட்பான். அன்றைய முகநூல் அதுதான்! வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை. சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா மண்டபம், அங்கே பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள். மேட்டுக்குடிக்கும் இங்கே மேடை இருந்தது, மூட்டை தூக்குகிறவனுக்கும் இங்கே பாட்டு இருந்தது.

இதெல்லாம் எங்கே போச்சு? ஒரே நாளில் போகல தோழர்களே. ஒவ்வொன்றாக எழுந்து வெளியே நடந்தது. கணக்குச் சொல்றேன், கேளுங்க.

1937-ல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது. 1940-ல் பச்சையப்பன் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போனது. சங்கீத சபாக்கள் தெற்கே போயின. 1996-ல் கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போயின. 2018-ல் சட்டக் கல்லூரியும் கிளம்பியது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நெரிசல், இடப் பற்றாக்குறை, சுகாதாரம். நான் மறுக்கல. ஆனால் மாணவன் போனான், அவனோடு புத்தகக் கடையும் பேச்சு மேடையும் போச்சு. சந்தை போச்சு, அதோடு விடிய விடியத் திறந்திருந்த டீக்கடையும் பாட்டும் போச்சு. எடுத்துக்கிட்டுப் போனார்களே தவிர, அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பது என்ன? தொழில் இருக்கிறது. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். தமிழ்நாட்டில் எந்த மூலையில் கல்யாணம் நடந்தாலும் அதில் ஒரு பொருள் இங்கிருந்து போயிருக்கும். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் 1969-ல் கடை போட்டு உருவாக்கிய பர்மா பஜார் இருக்கிறது. கந்தகோட்டம் இருக்கிறது. மண்ணடி மாமூர் பள்ளிவாசல் இருக்கிறது. அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் இருக்கிறார், செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்க, மெழுகுவத்தி ஏற்ற வருகிற கூட்டத்தில் எந்த மதம் என்று பிரிக்க முடியாது. சவுகார்பேட்டையில் சமணக் கோயில் இருக்கிறது. தெலுங்கு, குஜராத்தி, மார்வாடி, உருது எல்லாம் கேட்கும், எல்லாரும் கடைசியில் பேரம் பேசுவது தமிழில்!

இந்தப் பண்பாட்டைத் தாங்கிப் பிடிப்பவர் யார்? மூன்று பேர். பழைய வீட்டில் குடியிருக்கிற வாடகைதாரர். நடைபாதையில் கடை வைத்திருக்கிற தாய்மார்கள். மீன்பாடி வண்டி மிதிக்கிற, மூட்டை சுமக்கிற தொழிலாளி. இந்த மூன்று பேரிடமும் இந்த ஊரில் ஒரு சதுர அடிக்குக்கூடப் பட்டா கிடையாது. ஊருக்குப் புத்துயிர் வரும்போது முதலில் வெளியே போவதும் இவர்கள்தான்.

மிகைப்படுத்திச் சொல்றேனா? 2019 பிப்ரவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். 10-ஆம் தேதி மெட்ரோ ரயில் உயர் நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் வந்தது. நல்ல விஷயம், நாம் எல்லாரும் வரவேற்றோம். ஆனால் மெட்ரோ வந்த இடத்தில் மனை விலை சும்மா இருக்காது. அதே மாதம் 22-ஆம் தேதி, 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், வாடகை ஒப்பந்தப்படி. நியாயமான வாடகை கிடைக்காமல் வீட்டைப் பழுதுபார்க்க முடியாமல் தவித்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் வலியும் உண்மை. ஆனால் தாத்தா காலத்திலிருந்து வாய்ப்பேச்சில் வாடகை கொடுத்துக்கொண்டு வந்த குடும்பத்திடம் என்ன ஒப்பந்தம் இருக்கும்? ஒரே மாதத்தில், ஒரு கையில் நிலத்தின் விலை ஏறியது, இன்னொரு கையில் பழைய பாதுகாப்பு போனது. இதைச் சேர்த்து வைத்து யோசித்தவர்கள் எத்தனை பேர்?

இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. மலேசியாவின் பினாங்குத் தீவில். அது மூன்றாம் ஜார்ஜ் பெயரில் வந்த ஊர். நமக்கு அந்நியம் இல்லை. ராஜுலா கப்பல் இங்கிருந்து, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்குப் போய் வந்தது. அங்கே சூலியா தெரு இருக்கிறது, நாகூர் தர்கா இருக்கிறது, 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு நகரத்தாரின் வெள்ளித் தேர் ஓடுகிறது. அங்கேயும் ஒரு ஆர்மேனியன் தெருகூட இருக்கிறது!

அந்த ஊரிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு கிடையாது. வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள், கைத்தொழில்காரர்கள் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. ஊரே கொண்டாடியது. 2012-ல் ஒரு லித்துவேனிய ஓவியர் வந்து சுவர்களில் படம் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகள் படம், உலகம் முழுக்கப் பிரபலம். அதன் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை நிற்கிறது. கட்டடங்கள் பிழைத்துக்கொண்டன, உண்மை. ஆனால் பல வீடுகள் தங்கும் விடுதி ஆயின, காபிக் கடை ஆயின. சுவரில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் குடும்பங்கள்? அந்தக் கேள்வியை இன்று பினாங்கு மக்களே கேட்கிறார்கள்.

பினாங்கில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளைப் பழுதுபார்க்க 2009-லிருந்து மானியம் கொடுத்தார்கள். கோயில் அறக்கட்டளைக்குச் சொந்தமான வீடுகளில், பழைய குடித்தனக்காரர்களை வைத்துக்கொண்டே சீரமைத்த முயற்சிகளும் உண்டு. ஆக, வழி இருக்கிறது. முன்கூட்டியே யோசித்தால் வழி இருக்கிறது, காலம் கடந்தால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

நம்ம ஊர்ப் படத்தையும் சொல்லிடறேன். கண்ணகி நகர். சென்னையின் பல இடங்களில் இருந்த குடிசைவாசிகளை 2000-க்குப் பிறகு கொண்டுபோய், ஊருக்கு வெளியே, ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்கி வைத்த இடம். 2020-ல் அங்கே பெரிய பெரிய சுவரோவியங்கள் வரைந்தார்கள். அழகான ஓவியங்கள். அந்த மக்களின் முகங்களையே வரைந்தார்கள், அந்தப் பிள்ளைகளும் பெருமைப்பட்டார்கள். ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டணத்தில் வேலை செய்தவனைப் பட்டணத்திலேயே வாழவிட்டிருந்தால், அவன் விடியற்காலையில் பஸ் ஏறி இருபது கிலோமீட்டர் வர வேண்டியதில்லையே. சுவருக்கு வண்ணம் அடிக்கிற செலவு சின்னது. மனிதனைப் பிடுங்கி நட்டதற்கு ஆகிற செலவு பெரியது. அந்தத் தவறு பாரிமுனையில் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? எதிர்ப்பு மட்டும் பேசிவிட்டுப் போகிற கூட்டம் இல்லை இது. நம் கோரிக்கைகளை வரிசையாக வைக்கிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பு. 2010-ல் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்து, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. 2012-ல் பாரம்பரிய ஆணையத்துக்குச் சட்டமும் நிறைவேறியது. சட்டம் பல ஆண்டுகள் காகிதத்திலேயே தூங்கியது. கட்டடத்தைப் பட்டியல் போடுவது ஆரம்பம்தான். தெருத் தெருவாக, யார் குடியிருக்கிறார்கள், என்ன தொழில், எத்தனை தலைமுறை என்ற பட்டியலும் அதோடு சேர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவனைக் காலி செய்வது சுலபம். அதனால்தான் கேட்கிறோம்.

இரண்டாவது, வீட்டுக்காரருக்கு வழி. பழைய வீட்டை வைத்திருப்பவர் தியாகி ஆக முடியாது. மெட்ராஸ் தளம் போட்ட கூரை ஒழுகுகிறது, பர்மாத் தேக்கு உத்தரம் கரையான் அரிக்கிறது. பழுதுபார்க்கக் காசு இல்லை, அதனால் இடிக்கிறார். அகமதாபாத் 2017-ல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரம் ஆன ஊர். அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். உங்கள் மனையில் நாலு மாடி கட்ட அனுமதி உண்டு, ஆனால் பாரம்பரிய வீடு இரண்டு மாடியோடு நிற்கிறது என்று வையுங்கள். கட்டாமல் விட்ட அந்த உரிமையை, நகரத்தின் வேறு பகுதியில் கட்டடம் கட்டுகிறவருக்கு விற்கலாம். அந்தப் பணத்தில் பழைய வீட்டைச் சீர் செய்யலாம். அரசுக்குப் பெரிய செலவு இல்லை, வீடும் நிற்கும். அதைப் போல் இங்கேயும் வேண்டும், கூடவே சொத்து வரிச் சலுகையும் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: இந்தச் சலுகை வாங்குகிறவர், இருக்கிற வாடகைதாரரைக் காலி செய்யக் கூடாது.

மூன்றாவது, நடைபாதை வியாபாரிகள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடித்து, சான்றிதழ் கொடுக்கும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இது பாராளுமன்றம் போட்ட சட்டம், யாரும் போட்ட பிச்சை இல்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையை எப்படி அழகாக்குவது என்று பேசுகிற கூட்டத்தில், அந்தச் சாலையில் உட்கார்ந்து பூ விற்கிற அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

நான்காவது, மேடைகளைத் திறக்க வேண்டும். கோகலே மன்றம் போன்ற பழைய மன்றங்களைப் பழுது நீக்கி, வாடகையைக் குறைத்து, வடசென்னையின் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கானா பாடுகிறவனுக்கும் கர்நாடக இசைக்கும் அதே மேடை. பறையும் அங்கே, கவ்வாலியும் அங்கே, நாடகமும் அங்கே. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடிக் கிடக்கின்றன, தெருக்கள் காலியாக இருக்கின்றன. அந்த ஒரு நாளில் ஒரு தெருவைக் குஜிலித் தெரு ஆக்குங்கள். பழைய புத்தகம், பாட்டு, சாப்பாடு, பிள்ளைகள் விளையாட இடம். இதற்குக் கோடிகள் வேண்டாம், மனசு வேண்டும்.

ஐந்தாவது, வேலை. பழைய வீட்டைச் சீர் செய்யச் சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும், பழைய மரவேலை தெரிந்த ஆசாரி வேண்டும். சிமெண்ட் பூசினால் பழைய செங்கல் சுவர் மூச்சு விட முடியாமல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உதிரும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இங்கேயே ஒரு பயிற்சிக் கூடம் வையுங்கள். வழிகாட்டி வேலையையும் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். வெளியூர்க்காரன் வந்து நம்ம தெருவைப் பார்த்தால், அதைச் சொல்லித் தருகிறவன் நம்ம தெருக்காரனாக இருக்கட்டும்.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படை. கழிவுநீர் தெருவில் ஓடும்போது என்ன பாரம்பரிய நடைப்பயணம்? தலைக்கு மேலே தொங்குகிற மின்கம்பிகள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள், இவற்றுக்கு முதலில் வழி பாருங்கள். நாள் முழுக்க மூட்டை சுமக்கிறவனுக்குக் குளிக்க ஒரு இடம், இளைப்பாற ஒரு நிழல். நாள் முழுக்கக் கடையில் நிற்கிற தங்கைகளுக்குப் பூட்டுப் போடாத ஒரு கழிப்பறை. இதைச் செய்யாமல் விளக்கு போட்டால், அந்த விளக்கு நம் வெட்கத்தைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

தோழர்களே, சிலர் கேட்பார்கள். சோறு, வேலை, வீடு என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது பழைய கட்டடமும் பாட்டும் ஒரு அரசியலா என்று. நான் சொல்கிறேன், இதுதான் அரசியல். ஒரு ஊரின் நினைவு யார் கையில் இருக்கிறதோ, நாளைக்கு அந்த ஊரும் அவர் கையில்தான். இங்கே வாழ்ந்தவனுக்கு வரலாறே இல்லை என்று ஆக்கிவிட்டால், "இது ஆக்கிரமிப்பு" என்று ஒரே வார்த்தையில் அவனைத் துடைத்துவிடலாம். வள்ளலார் நடந்த தெரு, நாவலர் அச்சடித்த தெரு, பர்மா அகதி பிழைத்த தெரு, என் தாத்தா மூட்டை சுமந்த தெரு என்று அவன் சொல்லத் தெரிந்துகொண்டால், அவனை அவ்வளவு சீக்கிரம் நகர்த்த முடியாது.

எனவே நம் தோழர்களுக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று, உங்கள் தெருவில் வாய்ப்பேச்சு வாடகையில் இருக்கிற குடும்பங்களைச் சந்தியுங்கள். வாடகை ரசீது, மின் கட்டண அட்டை, பள்ளிச் சான்றிதழ் என்று என்ன இருந்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நம் வழக்கறிஞர் தோழர்களிடம் அழைத்து வாருங்கள். இரண்டு, தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, இளைஞர்களுக்கு: வீட்டுக்கு ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, கைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கொத்தவால் சாவடி எப்படி இருந்தது, ஒற்றைவாடையில் என்ன நாடகம் பார்த்தார், எந்தக் கப்பலில் யார் வந்தார். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்சியில் யார் இருந்தாலும் நம் கோரிக்கை இதுதான். பட்டணத்துக்குப் புத்துயிர் வரட்டும், நாமே வாசலில் நின்று வரவேற்போம். ஆனால் அந்தப் புத்துயிர் வருகிற நாளில், கோடவுன் தெரு சுமைத் தொழிலாளியும், பூக்கடை அம்மாவும், பவளக்காரத் தெரு வாடகைக் குடும்பமும் அதே இடத்தில், இன்னும் நல்லபடியாக, நின்றுகொண்டிருக்க வேண்டும். 1760-களில் இடிந்த ஊரை எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இடித்தவன் நட்ட கல்லும் இங்கே நிற்கிறது, மக்கள் கட்டிய கோயிலும் இங்கே நிற்கிறது. நாம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் வேண்டாம்.



(உரையைப் படித்த உறவுகள் உங்கள் பகுதிக் குழுக்களில் பகிருங்கள். பட்டணத்தோடு உங்கள் குடும்பத்துக்கு உள்ள தொடர்பைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் பதிவிடுங்கள்.)

#பட்டணம்_நம்_பட்டணம் #பாரிமுனை #வடசென்னை